பெயரில்லாத தூளுக்குப் பெயர் தேடிய கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தீவகத்தில் யாராவது ஒரு பொடியன் தூளோடு பிடிபட்டால் அடுத்த நாள் பேப்பரில் வரும் செய்தி அநேகமாக ஒரே மாதிரித்தான் முடியும்: "கைப்பற்றப்பட்ட பொருள் இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது." நாங்கள் அந்தக் கடைசி வரிக்குப் போவதே இல்லை. அதற்கு முன்னமே புளியங்கூடல் சந்தியில் தீர்ப்புச் சொல்லி முடிந்திருக்கும். "ஐஸாம்", "அரை கிலோவாம்", "அவன்ட கொப்பருக்கும் தெரியுமாம்." ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பொதிக்குள் இருப்பது இன்னும் பெயரில்லாத தூள்தான். பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தில் ஒருவர் அதைச் சோதித்து, இது இன்னது, இதில் இத்தனை கிராம் இருக்கிறது என்று எழுதிக் கையொப்பம் வைக்கும் வரைக்கும் அதற்குப் பெயர் கிடையாது.

பெயரும் நிறையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். எங்கள் நாட்டின் போதைப்பொருள் சட்டம் 1929இல் வந்த நச்சுப் பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அட்டவணையில் பெயர் எழுதிக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. 1984இல் திருத்தினார்கள். ஹெரோயின் இரண்டு கிராம் என்றாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று ஆனது. 2022 நவம்பரில் இன்னொரு திருத்தம் வந்து ஐஸையும், அதாவது மெதம்பெட்டமினையும், அந்தக் கடும் வரிசைக்குள் கொண்டுவந்தது. அதற்கு எல்லை ஐந்து கிராம். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு எழுதப்படுகிறது, ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். பெரிய அளவு என்றால் நீதவானால் பிணை கொடுக்கவும் முடியாது, மேலே போக வேண்டும். பொலிஸ் நிறுத்த நிறையும் ஆய்வுகூடம் சொல்லும் தூய நிறையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கலப்படத்தைக் கழித்து மிஞ்சுவதைத்தான் சட்டத்தரணிமார் மன்றில் வைத்து வாதாடுகிறார்கள். பத்துக் கிராம் தூளுக்குள் ஒரு கிராம் ஹெரோயின் இருந்தால் அது ஒரு கிராம் வழக்கு.

இதை எழுத வைத்தது உயர்தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் கேள்வி. "சேர், இப்ப ஏஐ வந்திட்டுதுதானே, தூளைப் போட்டால் அதுவே சொல்லிப்போடும்தானே, பிறகேன் மாசக்கணக்காக் காத்திருக்கினம்?" நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது.

1833இல் இங்கிலாந்தின் பிளம்ஸ்டெட் என்ற ஊரில் ஜோன் போடில் என்ற இளைஞன் தன் பாட்டனாரின் கோப்பியில் ஆசனிக் கலந்து கொன்றான் என்று வழக்கு. வூலிச் ஆயுதசாலையில் வேலை பார்த்த இரசாயனவியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் கோப்பியைச் சோதித்தார். ஆசனிக் இருந்தது, மஞ்சள் வீழ்படிவு வந்தது. ஆனால் வழக்கு நாளில் அதை யூரிமாருக்குக் காட்டும்போது அது பழுதாகிப் போயிருந்தது. போடில் விடுதலையானான். பிறகு தானே செய்ததாக ஒத்துக்கொண்டான் என்கிறார்கள். மார்ஷுக்கு அது பெரிய அவமானம். மூன்று வருடம் கழித்து, 1836இல், புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார். நாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்து, வரும் வாயுவைச் சூடாக்கினால், ஆசனிக் இருந்தால் கண்ணாடியில் கறுப்புப் பளபளப்பாகப் படியும். அது அழியாது, மன்றுக்குக் கொண்டுபோகலாம். நஞ்சுக்குப் பெயர் சொல்லும் வேலை நீதிமன்றத்துக்குள் நிலைத்து நின்றது அங்கேயிருந்துதான்.

எங்கள் பக்கத்துக்கும் அது வெகு சீக்கிரம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1849இலேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வுகூடம் தொடங்கிவிட்டார்கள். கல்கத்தா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஊமத்தையும் ஆசனிக்கும் அரளியும் கொலைக்குப் பாவித்த காலம் அது.

அடுத்து நிறம். 1896இல் டோர்பாட் நகரில், இன்றைய எஸ்டோனியாவில், மார்க்கிஸ் என்பவர் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் போமலின் கலந்து ஒரு திரவம் செய்தார். அபினிலிருந்து வந்தவை அதில் ஊதா நிறம் காட்டும். அம்பெட்டமின் வகை செம்மஞ்சள், மண்ணிறம். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பொலிசார் சின்னப் பையில் கொண்டு திரிவது இந்தப் பரம்பரைதான். மலிவு, கைக்கு அடக்கம், இரண்டு நிமிடத்தில் நிறம் வரும். ஆனால் சீனியைப் போட்டாலும் கடும் மண்ணிறம் வரும். அஸ்பிரின் போட்டால் சிவக்கும். நிறம் ஒரு சந்தேகத்தைத்தான் தரும், பெயரைத் தராது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹரிஸ் கவுண்டியில் இந்த மாதிரி நிறப் பரிசோதனையை வைத்துப் பயப்படுத்தி, ஆய்வுகூட அறிக்கை வர முன்னமே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பிறகு ஆறுதலாக அறிக்கை வந்தது, அது போதைப்பொருளே இல்லை என்று. 2015 ஒரே வருடத்தில் மட்டும் இப்படி நாற்பது பேருக்கு மேல் நிரபராதி என்று தீர்மானிக்கப்பட்டார்கள். தண்டனை அனுபவித்த பிறகு.

நிறத்துக்குப் பிறகு வந்தது நிறை. மூலக்கூறையே நிறுக்கும் கருவி, திணிவு நிறமாலைமானி. சட்டியை நிலத்தில் போட்டு உடைத்து, ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, உடைய முன்னம் அது என்ன சட்டி என்று சொல்வது போன்ற வேலை. ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு முறையில் உடையும். ஏற்கெனவே உடைத்துப் பார்த்த சட்டிகளின் புத்தகம் ஒன்று ஆய்வுகூடத்தில் இருக்கும். புதிதாக வந்த தூளின் துண்டுகளை அந்தப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

இதிலேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கதவு என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தையும் இடம் மாற்றினால் தகவு. நிறுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பாரம். ஐஸில் இருப்பது பத்துக் காபன், பதினைந்து ஐதரசன், ஒரு நைதரசன். உடம்பு மெலிய டொக்டர் எழுதிக் கொடுக்கும் பென்டர்மின் என்ற மருந்திலும் அதே பத்து, அதே பதினைந்து, அதே ஒன்று. சார்மூலக்கூற்றுத் திணிவு இரண்டுக்கும் 149. துண்டுகளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதைவிட வேடிக்கை, மெதம்பெட்டமினுக்கே கண்ணாடி விம்பம் போல ஒரு இடக்கைச் சகோதரம் உண்டு. அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு விக்ஸ் குழாயில் அது வந்தது. அதைச் சாதாரணத் திணிவுக் கருவியால் பிரிக்கவே முடியாது, வேறு சோதனை வேண்டும். ஐஸ் எங்கள் காலத்துப் புதுமை என்றும் நினைக்காதீர்கள். ஜப்பானியர் நாகாய் நாகயோஷி அதை 1893இலேயே செய்துவிட்டார்.

புத்தகத்தில் இல்லாத சட்டி வந்தால் என்ன செய்வது? இந்தப் பதிவின் கதை இங்கேதான் இருக்கிறது.

1979, 80களில் கலிபோர்னியாவில் சிலர் இறந்து கிடந்தார்கள். பார்த்தால் ஹெரோயின் மிதமிஞ்சியது போல இருந்தது. உடம்பில் ஹெரோயின் இல்லை. தூளில் தெரிந்த போதைப்பொருள் எதுவுமே இல்லை. தெருவில் அதற்கு சைனா வைட் என்று பெயர். கடைசியில் கண்டுபிடித்தார்கள்: பெல்ஜியத்தில் போல் யான்சன் சத்திரசிகிச்சைக்காகச் செய்த பென்டனில் என்ற மருந்தில் யாரோ ஒரு மெதைல் கூட்டத்தை மட்டும் கூடுதலாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சட்ட அட்டவணையில் அந்தப் பெயர் இல்லை. ஆட்கள் செத்தார்கள், விற்றவனிடம் இருந்தது சட்டப்படி தடைசெய்யப்படாத பொருள். 1981இல்தான் அதை அட்டவணையில் சேர்த்தார்கள். செய்தவர்கள் அடுத்த மாற்றத்துக்குப் போனார்கள்.

1982இல் அதே கலிபோர்னியாவில் இன்னொரு சம்பவம். இளம் ஆட்கள் சிலர் கல்லுப் போல விறைத்து, பேசவும் அசையவும் முடியாமல் வைத்தியசாலைக்கு வந்தார்கள். வயோதிபருக்கு வரும் பார்க்கின்சன் நோய் போல, ஆனால் இவர்கள் வயோதிபர் அல்ல. டொக்டர் வில்லியம் லாங்ஸ்டன் பார்த்தார். எல்லாரும் ஒரு புதுவகைச் செயற்கை ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றியிருந்தார்கள். என்ன பொருள் என்று தெரியவில்லை. நச்சியல் ஆய்வாளர் ஒருவருக்கு, சில வருடங்களுக்கு முன் ஒரு சஞ்சிகையில் படித்த சின்னக் கட்டுரை ஞாபகம் வந்தது. மேரிலண்டில் ஒரு மாணவன் 1976இல் வீட்டில் தானே ஒரு மருந்து செய்து ஏற்றி, இதே மாதிரி விறைத்துப் போன கதை. தயாரிப்பு பிழைத்து உண்டான எம்பிடிபி என்ற கழிவுதான் மூளையின் ஒரு பகுதியைக் கொன்றிருக்கிறது. பெயர் தெரிந்த பிறகுதான் வைத்தியர்களுக்கு எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்று விளங்கியது. ஒருவரின் ஞாபகத்தில் தொங்கிய விடை அது. அவர் அந்தச் சஞ்சிகையைப் படிக்காமல் விட்டிருந்தால்?

ஞாபகத்தையும் ஊகத்தையும் கணினியிடம் கொடுக்கலாம் என்ற யோசனை இதற்கெல்லாம் முன்னமே பிறந்திருந்தது. 1965இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற லெடர்பேர்க், கணினி அறிஞர் பைகன்பாம், கருத்தடை மாத்திரைக்குப் பெயர்போன இரசாயனவியலாளர் ஜெராசி ஆகியோர் சேர்ந்து டென்ட்ரல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். செவ்வாய்க் கிரகத்து மண்ணில் உயிரின் அடையாளம் இருந்தால் அந்த மூலக்கூறை மனிதன் இல்லாமல் கருவியே அடையாளம் காண வேண்டும் என்பது ஆரம்ப ஆசை. துண்டு நிறைகளைக் கொடுத்தால் இருக்கக்கூடிய கட்டமைப்புகளை எல்லாம் வரிசையாக்கி, ஒவ்வாதவற்றை வெட்டிவிடும். செயற்கை நுண்ணறிவு வரலாற்றில் நிபுணர்களின் அறிவை வைத்து வேலை செய்த முதல் திட்டங்களில் இது ஒன்று. ஆனால் அதன் விதிகளை மனிதர்கள்தான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 70களில் விதிகளையும் தானே தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு தம்பியைச் செய்தார்கள், மெட்டா டென்ட்ரல் என்று. இன்று இயந்திரக் கற்றல் என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பப் பிள்ளைகளில் ஒன்று இரசாயன ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. தொலைபேசியில் படம் வரைந்து விளையாடும் எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

தூள் செய்பவர்களின் வேகம் 2008க்குப் பிறகுதான் உண்மையில் கூடியது. ஐரோப்பாவில் ஸ்பைஸ் என்று வாசனை மூலிகைப் பைக்கற் விற்றார்கள். புகைத்தால் கஞ்சா போல ஏறும், சோதித்தால் கஞ்சா இல்லை. 2008 டிசம்பரில் ஜேர்மனியில் கண்டுபிடித்தார்கள்: மூலிகையில் தெளித்திருந்தது ஜேடபிள்யூஎச்-018 என்ற செயற்கைப் பொருள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் ஹஃப்மன் மூளையை ஆராய்வதற்காகச் செய்து கட்டுரையில் எழுதி வைத்தது. பெயரின் எழுத்துகள் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான். ஜேர்மனி 2009 ஜனவரியில் தடை செய்தது. நாலு கிழமைக்குள் அடுத்த பைக்கற் சந்தைக்கு வந்தது, உள்ளே ஜேடபிள்யூஎச்-073. அன்று தொடங்கிய ஓட்டம் நிற்கவில்லை. இன்று உலகம் முழுக்க இப்படிப் பதிவான புதுப் பொருள்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

இதற்கு வந்த பதில்தான் டார்க்என்பிஎஸ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மைக்கல் ஸ்கினிடர், டேவிட் விஷார்ட் குழுவினர் 2021 நவம்பரில் வெளியிட்டது. மூலக்கூறின் கட்டமைப்பை ஒரே வரியில் எழுத்துகளாக எழுதும் முறை ஒன்று 1980களிலிருந்து உண்டு. உலக ஆய்வுகூடங்கள் தாம் கண்டவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தொகுப்பிலிருந்து 1,753 போதைப்பொருள்களை அந்த எழுத்து வடிவில் கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள்.

சின்னப் பிள்ளை மொழி படிப்பதை நினைத்துப் பாருங்கள். இலக்கணம் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. "வந்தான், இருந்தான்" என்று கேட்டுக் கேட்டு, தான் முன்பின் கேட்காத "பறந்தான்" என்பதையும் சரியாகச் சொல்லும். இடைக்கிடை "செய்ந்தான்" என்றும் சொல்லும், நாங்கள் சிரிப்போம். கணினியும் அப்படித்தான். போதைப்பொருள் செய்பவன் எந்த இடத்தில் எதை ஒட்டுவான், எதைக் கழற்றுவான் என்ற பழக்கத்தை அந்த எழுத்து வரிகளிலிருந்து பிடித்துக்கொண்டு, இன்னும் யாரும் செய்யாத மூலக்கூறுகளைத் தானே எழுதத் தொடங்கியது. 89 இலட்சம் எழுதியது. பிறகு பரீட்சை. பயிற்சிக்குப் பிறகு சந்தைக்கு வந்த 196 புதுப் பொருள்களை எடுத்து, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கே ஏற்கெனவே இருந்தன. கணினி எதை அடிக்கடி எழுதியதோ அது சந்தைக்கு வரும் வாய்ப்பும் கூட என்பதையும் கண்டார்கள். இனி புதுத் தூள் ஒன்று வந்தால் நிறையை நிறுத்து, அந்த நிறையுள்ள பெயர்களை வரிசைப்படுத்தித் தரும்.

அந்த வரிசையில் முதலாவதாக வருவது சரியான பெயராக இருந்தது 51 வீதம். முதல் பத்துக்குள் சரியான பெயர் இருந்தது 86 வீதம்.

51 என்பது பரீட்சையில் சித்தி. வழக்கில் அது நாணயம் சுண்டுவதை விட ஒரு புள்ளி கூட. என்னைக் கேட்டால் இந்தக் கண்டுபிடிப்பின் பெறுமதி அந்த 86இல் இருக்கிறது. முன்னர் எங்கே தேடுவது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்த ஆய்வாளர் கையில் இப்போது பத்துப் பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்து, கடைசியில் அந்தப் பொருளின் தூய மாதிரி ஒன்றைத் தருவித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, பிறகு கையொப்பம் வைப்பார். கணினி தேடும் காட்டைச் சிறிதாக்குகிறது. சத்தியம் செய்து சாட்சி சொல்வது மனிதர்தான். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை எங்கள் மன்றுகளில் எழுத்திலேயே சாட்சியாக ஏற்கப்படும், ஆனால் தேவை வந்தால் எழுதியவரை அழைத்து, எப்படிக் கண்டாய் என்று கேட்கலாம். "கணினி சொன்னது" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

மனிதர் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். பொஸ்டனில் ஹின்டன் ஆய்வுகூடத்தில் ஒரு ஆய்வாளர் மாதிரிகளைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதியது 2012இல் வெளிவந்தது. 2017இல் இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு ஆளின் பொய்க் கையொப்பம் இத்தனை வழக்குகளுக்குப் போதுமாக இருந்தது.

பெயரைத் துரத்துவதை விட்டுவிட்டு, மயக்குகிறதா என்று மட்டும் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். எங்கள் மார்க்கச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. பெயர் எதுவானாலும் போதை தந்தால் விலக்கப்பட்டது. அயர்லாந்து 2010இலும் பிரித்தானியா 2016இலும் கொண்டுவந்த சட்டங்களும் கிட்டத்தட்ட இந்த வழிதான். ஒரு முஸ்லிமாக எனக்கு அந்தத் தர்க்கம் பிடிக்கும். ஆனால் 1511இல் மக்காவில் என்ன நடந்தது என்பதையும் வரலாறு படிப்பவன் மறைக்கக்கூடாது. நகரப் பொறுப்பாளர் கைர் பேக், கோப்பி மனிதரை மாற்றுகிறது என்று முடிவெடுத்து, வைத்தியர்களையும் சாட்சிக்கு வைத்துத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியிருந்தது. பிரித்தானியாவிலும் 2017இல் சிரிப்பூட்டும் வாயு வழக்குகள் சில, அது இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வியிலேயே முறிந்தன. பிறகுதான் மேல்முறையீட்டில் வரும் என்று ஆனது. விளைவை அளப்பதும் பெயரைக் கண்டுபிடிப்பது போலவே கஷ்டமான வேலை.

சரி, எங்கள் பக்கம். அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வரும் பொதிகளில் பெரும்பாலும் இருப்பது கேரளக் கஞ்சா, ஹெரோயின், ஐஸ். அவை எல்லாம் புத்தகத்தில் இருக்கும் சட்டிகள். அவற்றுக்குப் பெயர் சொல்ல 89 இலட்சம் ஊகம் தேவையில்லை. தேவை போதிய ஆய்வாளர்கள், போதிய கருவிகள், மாதிரிகள் வரிசையில் கிடக்காத ஏற்பாடு. அறிக்கை பிந்தினால் குற்றவாளிக்கும் அதே விளக்கமறியல், குற்றமற்றவனுக்கும் அதே விளக்கமறியல். படிகாரத் துண்டு வைத்திருந்தவனும் அறிக்கை வரும் வரை ஐஸ்காரன்தான். ஊர் வாயில் அதற்குப் பிறகும் ஐஸ்காரன்தான். தங்கச்சிக்குக் கலியாணம் பேச வரும்போதும் அது வரும்.

ஆனால் கடல் திறந்துதான் கிடக்கிறது. ஜேர்மனிக்கு நாலு கிழமையில் வந்தது எங்களுக்கும் ஒரு நாள் வரும். நிறம் அடித்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. வாங்குகிற பொடியனுக்கு எப்படித் தெரியும்?

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ஏதாவது எடுத்து மயங்கிக் கிடந்தால், பயத்தில் மிச்ச மாத்திரையையும் பைக்கற்றையும் கிணற்றிலோ கடலிலோ எறிந்துவிட்டுப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் கொடுங்கள். 1982இல் விறைத்துக் கிடந்த அந்த ஆட்களின் கதை முடிச்சவிழ்ந்ததற்கு அவர்கள் பாவித்த மருந்தின் மிச்சம் கிடைத்ததும் ஒரு காரணம். ஆலோசனை கேட்க வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. இலக்கத்தைக் குறித்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.